ராஜேஸ்வரி, பெண், முப்பத்தெட்டு

கே. ராஜேஸ்வரி, பெண், வயது முப்பத்தெட்டு. இந்தப் பெயரில் ஒருத்தி 1974ஆம் வருஷத்திலிருந்து 1983 வரைக்கும் சேலத்திலிருந்து மெட்ராஸுக்கு ராத்திரி மெயிலில் அறுநூற்றுச் சொச்சம் தடவை போயிருக்கிறாள். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு வயதுகூட ஏறவில்லை. பக்கத்து பெர்த்தில் போன கே. பழனிசாமிக்கும் நாற்பதிலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டு பேரையும் பெற்றெடுத்தவர் தேவசிகாமணி.

தேவசிகாமணி ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரயில் டிக்கட் ஏஜென்சி வைத்திருந்தார். தண்டவாளமே இல்லாத மலையில் ரயில் டிக்கட் விற்கிற வேலை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு இரும்புப் பெட்டி, ஊதா மை ஊற்றிய ஒரு பேனா. ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. டிக்கட் சார் என்றால் போதும், சின்னக் குழந்தைகூட கை காட்டும். எஸ்டேட் முதலாளி மகன் பம்பாய்க்குப் போக ஒரு தடவை ப்ளேன் டிக்கட்டுகூட வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதன் சிவப்புக் கார்பன் தாளை ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

மெயிலில் ஏற்காட்டுக்கு என்று தினம் நாலு பெர்த் கோட்டா. பத்து நாளைக்கு முன்னாலேயே பேர், ஆணா பெண்ணா, வயசு என்று ஃபாரம் எழுதி அனுப்ப வேண்டும். ஃபாரம் ரெண்டு மணி பஸ் கண்டக்டரின் தோல்பையில் சேலத்துக்குப் போகும், டிக்கட் மறுநாள் அதே பையில் வரும். பத்து நாள் கெடுவுக்குள் பேர் போகாவிட்டால் நாலு பெர்த்தும் சேலத்துக்காரர்களுக்கு. சட்டம் என்னவோ ஒழுங்கான சட்டம்தான். ஆனால் பத்து நாளைக்கு முன்னாலேயே தெரிந்து எவனுக்கையா நெஞ்சு வலிக்கிறது? கெட்ட தந்தி வந்து ஓடி வருகிறவனிடம், பத்து நாள் கழிச்சு வாங்க என்றா சொல்வது? முதல் வருஷம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே தன்னைப் பிடிக்காமல் போனது.

அதற்கப்புறம்தான் தினமும் இரண்டு பெர்த்தை இரண்டு பேர் மேல் எழுதி வைக்க ஆரம்பித்தார். ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிற பேராகப் பார்த்து பழனிசாமி, ராஜேஸ்வரி. ரயிலில் அடையாள அட்டை எல்லாம் கேட்காத காலம் அது. டி.டி.ஆர். சார்ட்டைப் பார்ப்பார், பேரைக் கேட்பார், ஆளைப் பார்ப்பார், போய்விடுவார். அவசரம் என்று யார் வந்தாலும் ஆணாக இருந்தால் அன்றைக்கு அவன் பழனிசாமி, பெண்ணாக இருந்தால் ராஜேஸ்வரி. கூடுதலாக ஒரு பைசா வாங்கியதில்லை. யாரும் வராத நாளில் டிக்கட்டை ரத்து செய்கிற நஷ்டம் அவருடையது.

ஞாயிறு பூசை தவறாதவர் தேவசிகாமணி. ஆனால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை மட்டும் ஒன்பது வருஷமாகச் சொன்னதில்லை.

“பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு ஒரு கட்டளை வருதுங்களே?” என்று மனைவி லூர்துசெல்வி ஒரு தடவை கேட்டாள்.

“அது சாட்சிக்குச் சொன்னது. இது சார்ட்டு” என்றார்.

லூர்துசெல்வி சோற்றைப் போட்டாள்.

பேரைக் கொடுத்தால் மட்டும் போதாது, பரீட்சையும் வைப்பார். ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து, “பேரு? வயசு?” என்று மூன்று தடவை கேட்பார். தடுமாறினால் நாலாவது தடவை. ஆரம்பத்தில், டி.டி.ஆர். கேட்டால் மட்டும் இந்தப் பேரைச் சொன்னால் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். செம்மநத்தம் மாதையன் அதைக் கெடுத்தான். டி.டி.ஆரிடம் பழனிசாமி என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் பேர், குலம், கோத்திரம், மாட்டுக்கு வந்த காணை நோய் எல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் டி.டி.ஆரின் மச்சான். மாதையன் ஜோலார்பேட்டையில் இறக்கிவிடப்பட்டான். யார் டிக்கட் கொடுத்தது என்று கேட்டதற்கு, நல்ல காலம், பயத்தில் நாக்கு எழவில்லை.

அன்றிலிருந்து தேவசிகாமணி சட்டத்தை இறுக்கினார். மலை இறங்கினதிலிருந்து மறுபடி மலை ஏறுகிற வரைக்கும், யார் கேட்டாலும், அந்தப் பேர்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொட்டச்சேட்டிலிருந்து பாப்பாத்தி வந்தாள். காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். கழுத்தில் ஒரு கட்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெல்லிக்காய் அளவு இருந்தது, இப்போது தேங்காய் அளவு. சோறு விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. எஸ்டேட் டாக்டர் மெட்ராஸில் தெரிந்த பெரிய டாக்டருக்கு எழுதி எழுதி, நாலு மாசம் கழித்து அன்றைக்குத்தான் பதில் வந்திருந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பாப்பாத்தி பேரில் ஒரு பெட். கடிதத்தோடு வரவேண்டும். மூன்று நாள் வைத்திருப்போம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு ஆளுக்குப் போய்விடும்.

“இந்த பெட்ட உட்டா அடுத்தது தைக்குப் பொறகுதானுங்களாம்” என்றாள். அப்போது ஜூலை மாசம். “தை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரு என்கிட்டச் சொல்லலீங்க. ரைட்டர்கிட்டச் சொன்னாரு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தனுங்க.”

தேவசிகாமணி இரும்புப் பெட்டியைத் திறந்தார். ஞாயிறு ராத்திரி ராஜேஸ்வரி பத்திரமாக இருந்தாள். இருபத்திமூன்று, கீழ் பெர்த்.

“கூட யாரும்மா வர்றா?”

“யாருமில்லீங்க. மக சாந்திக்கு எட்டாம் மாசம். அவள எங்கீங்க கூட்டிட்டுப் போறது?”

அதே பெட்டியில் போகிற கன்னியாஸ்திரி ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு செய்தார். பிறகு பரீட்சை.

“பேரு?”

“ராஜேஸ்வரிங்க.”

“வயசு?”

“முப்பத்தெட்டுங்க.”

மூன்று தடவையும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது. ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் வழக்கமான எச்சரிக்கையைக் கொஞ்சம் நீட்டியே சொன்னார்.

“கேட்டுக்கம்மா. மலை எறங்கினதுல இருந்து மறுபடி மலை ஏர்ற வரைக்கும் நீ பாப்பாத்தி இல்ல. யாரு கேட்டாலும் ராஜேஸ்வரி. கலெக்டர் கேட்டாலும் ராஜேஸ்வரி. வேற பேரு உன் வாயில வந்துதுன்னு வெய்யி, என் பொழப்பு போச்சு. என்னக் கொண்டு போயி உள்ள போட்டுருவாங்க.”

“அய்யோ, என்னால அப்படி ஆகாதுங்க சார்” என்றாள் பாப்பாத்தி. டிக்கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

புதன்கிழமை மத்தியானம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பொன்னுவேல் ஜீப்பை ரோட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்க தேவசிகாமணி, எங்க பாப்பாத்திய ரயில்ல ஏத்தி உட்டீங்களா, இல்லீங்களா?”

“ஏத்தியாச்சுங்க. இருபத்திமூணு, கீழ் பெர்த்து.”

“அப்பறம் எங்கீங்க போனா? மெட்ராஸ் ஆஸ்பத்திரில இருந்து இப்பத்தான் ட்ரங்க் கால் வந்துது. பாப்பாத்தின்னு யாரும் வரவே இல்லீங்களாம். நாளைக்குப் பத்து மணிக்கு பெட்டு வேற ஆளுக்குன்னுட்டாங்க.”

தேவசிகாமணி ஃபாரத்தில் குத்துவதற்காக ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். கை அப்படியே நின்றது.

“இன்னொரு கூத்தக் கேளுங்க” என்றார் பொன்னுவேல். “எவளோ ஒருத்தி கழுத்துல கட்டியோட மூணு நாளா அங்க வராண்டால உக்காந்திருக்காளாம். ஊரு ஏற்காடுங்கறாளாம். பேரு ராஜேஸ்வரியாம். உங்க ஆளுங்களான்னு கேட்டாங்க. எங்க எஸ்டேட்ல அப்படி ஒருத்தியும் இல்ல, கெளப்பி உடுங்கன்னு சொல்லிட்டனுங்க. அதுக்குள்ள மூணு நிமிசம் ஆயிப்போச்சு, லைன் கட்டாயிருச்சு.”

ஸ்டாம்ப் மேஜை மேல் இறங்கியது. அன்றைய தேதி மேஜையில் பதிந்தது.

“அவதானுங்க பாப்பாத்தி.”

“எவங்க?”

“ராஜேஸ்வரி.”

“அப்ப ராஜேஸ்வரி யாருங்க?”

“யாருமில்லீங்க” என்றார் தேவசிகாமணி.

விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. இரண்டு பேரும் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்து, பாதையையும் மறித்து, கம்பியையும் அறுத்துப் போட்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போனும் கிடையாது, தந்தியும் கிடையாது. சேலத்துக்கு இறங்கிப் போய் அங்கிருந்து தந்தி அடிக்கலாம் என்றார் பொன்னுவேல். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குள் யார் அதைப் பிரித்து, யாரிடம் கொடுத்து, எந்த வராண்டாவில் போய்த் தேடுவது?

“அப்ப நேர்லதான் போவோணும்” என்றார் பொன்னுவேல். “ஆனா நான் போயி என்னன்னுங்க சொல்றது? எனக்கே இன்னும் வெளங்கல. நீங்களே போயிட்டு வாங்க. பெத்தவரு நீங்கதான?”

பழனிசாமியின் அன்றைய டிக்கட் பெட்டியில் இருந்தது. தேவசிகாமணி அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, லூர்துசெல்விக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினார். மரம் விழுந்ததால் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகும் என்றார்கள். உள்ளே ஆளே ஏறவில்லை, ஆனால் எல்லா சீட்டிலும் ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்திருந்தது. துண்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே இடம் பிடித்துக் கொடுக்கிற மனுஷன், ஒரு துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு மனசு வரவில்லை. துண்டும் ஒரு ரிசர்வேஷன்தான். குப்பனூர் தாண்டி சேலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். ஒரு பச்சைத் துண்டுக்கு மட்டும் கடைசிவரை ஆளே வரவில்லை. அவர் அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அவர் ரயில் ஏறியது வாழ்க்கையில் இரண்டு தடவை. இரண்டும் வேளாங்கண்ணிக்கு, இரண்டும் பகல் வண்டி. மெயில் கிளம்பியதும் டி.டி.ஆர். சார்ட்டோடு வந்தார்.

“இருபத்திநாலு. பேரு?”

எத்தனை பேருக்குப் பரீட்சை வைத்தவர்! வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது.

“பழ...னிசாமிங்க.”

“வயசு?”

“ஐம்பத்திரெண்டு.”

“சார்ட்ல நாப்பது போட்டிருக்கு.”

தேவசிகாமணிக்கு வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. டி.டி.ஆர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“போன வாரம் உங்களுக்கு மீசை இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் நீங்க ஒல்லியா, கறுப்பா, வெத்தலை போட்டுக்கிட்டு வந்தீங்க.” டிக்கட்டில் கோடு இழுத்துக் கொடுத்தார். “உங்க சம்சாரம் ஞாயித்துக்கிழமை போனாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பேரு, வயசு எல்லாம் சொல்லிட்டாங்க. மூச்சு வாங்குதே, தண்ணி வேணுமாம்மான்னு கேட்டேன். அதுக்கும் ராஜேஸ்வரி, முப்பத்தெட்டுன்னாங்க. படுங்க பழனிசாமி.”

தேவசிகாமணி படுத்தார். தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போயிருக்கிறாளே என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. அங்கே வராண்டா என்றால் ஒன்றா இரண்டா? நாலாவதில், தூணுக்குப் பக்கத்தில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முகம் ஒடுங்கி, கட்டி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்னச் சீழ்க்கைச் சத்தம் வந்தது.

“பாப்பாத்தி” என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.

கிட்டப் போய், “பாப்பாத்தி, ஏம்மா பாப்பாத்தி” என்றார். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதும் அடைத்துவிட்டதோ என்று பயந்துபோனார். அப்புறம் அவருக்கே உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ராஜேஸ்வரி” என்றார்.

சட்டென்று திரும்பினாள்.

“அய்யோ, சார்! நீங்க எதுக்குங்க வந்தீங்க? புடிச்சுட்டாங்களா?”

“யாரம்மா?”

“உங்களத்தானுங்க.”

அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, உனக்குப் புத்தி இருக்குதா? ஆஸ்பத்திரில எதுக்கு அந்தப் பேரச் சொன்ன?”

“நீங்கதானுங்க சொன்னீங்க. யாரு கேட்டாலும்னு.”

“ரயில்ல கேட்டா!”

“இல்லீங்க சார். மலை எறங்கினதுல இருந்து மறுபடி ஏர்ற வரைக்கும்னு சொன்னீங்க. கலெக்டர் கேட்டாலும்னு சொன்னீங்க. இவியெல்லாம் கலெக்டர விடச் சின்ன ஆளுகதானுங்க?”

அவர் சொன்னதுதான். ஒரு எழுத்து மாறவில்லை.

“பெட்டு பாப்பாத்தி பேருலதான் இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியுமுங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மொத நாளே அந்த ஜன்னல்காரரு நோட்டப் பாத்து, ஏற்காடு பாப்பாத்தி, ஏற்காடு பாப்பாத்தின்னு நாலு தடவ கூப்பிட்டாருங்க. வாய் வரைக்கும் வந்துதுங்க. முழுங்கிட்டேன். ரயிலும் கவர்மெண்டு, ஆஸ்பத்திரியும் கவர்மெண்டு. ராஜேஸ்வரின்னு ரயில்ல வந்தவ இங்க வந்து பாப்பாத்தி ஆயிட்டான்னு இவிய அவியளுக்குச் சொல்லிட்டா, உங்களக் கொண்டு போயி உள்ள போட்டுருவாங்களே. டாக்டர் குடுத்த கடுதாசியக்கூட பைக்குள்ள வெச்சுத் தெச்சுட்டனுங்க, யாரு கண்ணுலயும் படாம. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா லூர்தம்மாளுக்கு யாருங்க இருக்காங்க?”

நாலு தடவை தன் பேரைக் கூப்பிட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் யாருக்காக? ரப்பர் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு ஜன்னலில் அதிகாரம் பண்ணுகிற தனக்காக. தேவசிகாமணிக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதை மறைக்கக் கோபமாகவே, “எந்திரி, எந்திரி” என்று கத்தினார்.

ஜன்னலில் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் இருந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்பது முப்பத்தைந்து காட்டியது. பக்கத்து பெஞ்சில் அடுத்த ஆள் தலையணையும் கூஜாவுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“இவங்கதான் சார் ஏற்காடு பாப்பாத்தி. பெட்டு இவங்களுக்குத்தான்” என்றார் தேவசிகாமணி.

குமாஸ்தா நோட்டைப் பார்த்தார். “இந்தம்மா ராஜேஸ்வரி. நான்தான் மூணு நாளா கேக்கறேனே. ஏம்மா, உம் பேரு என்னா?”

பாப்பாத்தி தேவசிகாமணியைப் பார்த்தாள். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

“ராஜேஸ்வரிங்க. முப்பத்தெட்டு.”

“சொன்னேன்ல?” என்றார் குமாஸ்தா.

“அடிப் பாவி! நான்தான் வந்துட்டேன்ல, சொல்லு!”

“இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க” என்றாள் பாப்பாத்தி. முகத்தில் ஒரு சலனம் இல்லை. “நல்லவராட்டந்தான் தெரியுது. ஆளு மாறிப் பேசறாருங்க.”

பெஞ்சில் இருந்த ஆள் கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டார். குமாஸ்தா பேனா மூடியைத் திருகினார். “இன்னா சார் இது, காலங்காத்தால? அந்தம்மா ராஜேஸ்வரின்றாங்க, நீங்க பாப்பாத்தின்றீங்க. யாராவது ஒருத்தர் எழுத்துல குடுங்க. இல்லன்னா பத்து அடிச்சதும் நான் அடுத்த பேர எழுதிடுவேன். எனக்கு ராஜேஸ்வரியும் ஒண்ணுதான், பாப்பாத்தியும் ஒண்ணுதான்.”

எழுத்தில். தேவசிகாமணி ஒன்பது வருஷமாக எதற்குப் பயந்தாரோ அதுதான் எழுத்து. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். ஊதாப் பேனாவை எடுத்தார். ஜன்னல் கட்டையில் வைத்து, எழுத எழுத சத்தமாகவே படித்தார்.

“இந்தப் பெண்ணின் பேர் பாப்பாத்தி. ராஜேஸ்வரி என்று சொல்லச் சொன்னது நான். கே. ராஜேஸ்வரி என்று யாரும் கிடையாது. ரயிலில் இடம் பிடிப்பதற்காக 1974இல் நானே உண்டாக்கினேன். கே. பழனிசாமியும் அப்படியே. இதில் இந்தப் பெண்ணுக்கு எந்தக் குற்றமும் இல்லை. இப்படிக்கு, தேவசிகாமணி, ரயில் டிக்கட் ஏஜெண்ட், ஏற்காடு.”

“வேண்டாமுங்க சார், எழுதாதீங்க” என்று பாப்பாத்தி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “மூணு நாளு சும்மாவா உக்காந்திருந்தேன்? எழுதாதீங்க!”

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் இழுத்த இழுப்பில் கடைசி எழுத்து தாளின் விளிம்புக்கே போய்விட்டது. தாளை உள்ளே தள்ளினார்.

“இப்பக் கேளும்மா” என்றார். “நான் மாட்டிக்கிட்டேன். இனிமே நீ ராஜேஸ்வரின்னு சொல்லி என்னைக் காப்பாத்த முடியாது. பெட்டும் போயி நானும் போறதா, இல்ல நான் மட்டும் போறதா? நீயே சொல்லு.”

பாப்பாத்தி யோசித்தாள். கடிகாரத்தில் எட்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

“எழுதியாச்சுங்களா?”

“ஆச்சு.”

“கையெழுத்தும் போட்டாச்சுங்களா?”

“நீயே பாத்தியே.”

அவள் பையைத் திருப்பி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, கசங்கிப்போன கடிதத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது.

“பாப்பாத்திங்க” என்றாள் ஜன்னலுக்குள். “கொட்டச்சேடு. வயசு நாப்பத்தொண்ணு.”

குமாஸ்தா கடிதத்தையும் தேவசிகாமணியின் தாளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு காகிதக் கட்டுக்குள் வைத்துக் குண்டூசி குத்தினார். இரண்டையும் அவர் படிக்கவில்லை. “நாலாம் வார்டு, பதினோராம் நம்பர்” என்றார். பெஞ்சில் இருந்த ஆள் கூஜாவைக் கீழே வைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால்கூட மூச்சுக்குழாய் என்ன ஆகியிருக்குமோ என்று பெரிய டாக்டர் சொன்னாராம். தேவசிகாமணி பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தார். அதில் ஏறுவதற்குப் பேரே தேவையில்லை.

வந்ததிலிருந்து போலீசுக்குக் காத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஜீப் நின்றால் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். லூர்துசெல்வி ஒரு பையில் வேட்டி, போர்வை, ஜெபமாலை எல்லாம் எடுத்து வைத்து, “வந்தாங்கன்னா தேடிட்டு நிக்க வேண்டாமுங்க” என்றாள். பழனிசாமியையும் ராஜேஸ்வரியையும் ஃபாரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார். முன்பே எழுதி அனுப்பியிருந்தவற்றையும் ரத்து செய்தார். இரண்டாவது வாரம் ஒருவன் தம்பிக்கு லாரியில் அடிபட்டது என்று ஓடி வந்தான். பெர்த் இல்லை என்றார். அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு அன்று பூராவும் உட்கார்ந்திருந்தார். டீகூடக் குடிக்கவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து பாப்பாத்தி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஜன்னலுக்கு வந்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானை, அதற்குள் ஒரு தழும்பு. மூச்சில் சத்தம் இல்லை.

“சாந்திக்கு எப்படிம்மா இருக்குது?”

“பொண்ணு பொறந்திருக்குதாமுங்க. இனித்தான் பாக்கோணும்.” அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். ஓரத்தில் குண்டூசி குத்தின இரண்டு ஓட்டை.

தேவசிகாமணி பிரித்தார். அவர் எழுத்து. ஊதா மை.

“நேத்து என் காகிதக் கட்டக் கையில குடுத்து எக்ஸ்ரே ரூமுக்குப் போகச் சொன்னாங்க” என்றாள் பாப்பாத்தி. “எனக்கு எழுத்து தெரியாதுங்க. ஆனா அந்த ஊரு பூரா நீல மைதானுங்க. ஊதா உங்க ஒருத்தருதுதான். கடைசில கோணிட்டுப் போன கையெழுத்தும் தெரிஞ்சுது. உருவிட்டு வந்துட்டனுங்க.”

தாளை அவசரமாக மறுபடி நாலாக மடித்தார். “யாரும் பாக்கலியாம்மா?” என்றார்.

“ஒரு நர்சம்மா பாத்துட்டாங்க. கட்டுல இருந்து என்ன உருவற, உம் பேரு என்னன்னு புடிச்சுக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“என்னுங்க சார் இப்படிக் கேக்கறீங்க? அப்ப நான் மலை ஏறலீங்களே. ராஜேஸ்வரி, முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க.”